உப்புத்தண்ணி எலி

உப்புத்தண்ணியைத் தவிர வேறெதுவும் குத்தப்படாத எலி எதற்காக மூலையில் போய் ஒடுங்க வேண்டும்? மத்தியானத்திலிருந்து தமயந்தியின் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கூண்டின் மூடியைத் தூக்கிக் கையை நீட்டியதும் அது நகர்ந்தது. ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, எலி என்றால் ஓடத்தான் செய்யும். இது ஓடவில்லை. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மரத்தூளில் வயிற்றை அழுத்திக்கொண்டு, முகத்தைக் கூண்டுச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டது. மருந்து எலிகள் அப்படிச் செய்யும். செய்ய வேண்டும், அதற்காகத்தானே வாரக்கணக்கில் அவற்றுக்கு அந்த மருந்தைக் குத்தினாள். உப்புத்தண்ணி எலிகளுக்கு அந்த அவசியம் இல்லை. ஊசி உண்டு, மருந்து கிடையாது. எல்லாம் ஒன்றுபோல நடக்கும், பயம் மட்டும் இருக்காது. மருந்து எலி எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒத்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஒழுங்கான எலி அது. ஆய்வகத்தில் அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அந்தக் கன்ட்ரோல்தான் இன்றைக்கு இவளுடைய கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருவேளை தூக்கத்தில் இருந்திருக்கும். ஒருவேளை கையில் காலையில் நறுக்கிய வெங்காய வாசம் இருந்திருக்கும். கையுறை போட்டிருந்தோமே, வெங்காயம் எங்கேயிருந்து வரும்? சரி, இனி அதைப் பேசி என்ன பிரயோசனம். அந்த எலி இப்போது இல்லை. மயக்கம் கொடுத்து, முறைப்படி முடித்து, மூளையை எடுத்துச் சீவியாயிற்று. காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான சீவல்கள் எதிரே கண்ணாடிக் குவளையில், குமிழ் விட்டுக்கொண்டிருக்கும் திரவத்தில் கிடக்கின்றன. வெட்டுப்பட்ட அதிர்ச்சி அடங்க அவற்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் ஒழுங்காகப் பதில் சொல்லாது. மூளைச் சீவலுக்குக் கிடைக்கிற ஓய்வு அதைச் சீவினவளுக்குக் கிடைப்பதில்லை.

மருந்துக்குப் பெயர்கூடக் கிடையாது, குப்பியில் ஓர் எண்தான் ஒட்டியிருக்கும். ஆய்வகத்தில் எல்லாரும் பய மருந்து என்பார்கள். ‘அந்தப் பய மருந்த எடுத்து ஃபிரிட்ஜுல வச்சிருங்க’ என்று, தோசை மாவைச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொல்வார்கள். மூளைக்குள் ஒரு செல் இன்னொரு செல்லைப் பார்த்து ‘போதும், அடங்கு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதைச் சொல்வதற்கென்றே காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. பய மருந்து உள்ளே போனால் அந்த ‘அடங்கு’ பாதிதான் காதில் விழும். எதிரே பூனை இருக்காது, பாம்பு இருக்காது, ஒன்றுமே இருக்காது, எலி கிடந்து நடுங்கும். சில மணி நேரத்தில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். மறுநாள் மறுபடியும் ஊசி. இப்படியே பல நாள் குத்தி, பிறகு நிறுத்தி, வாரக்கணக்கில் சும்மா விட்டுவைத்து, அதற்கப்புறம் மூளையைத் திறந்து பார்த்தால் அந்த ‘அடங்கு’ பழையபடி கேட்கிறதா, இல்லையா? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கேட்கவில்லை என்பதுதான் அவள் கண்டது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, இந்த வயதில் உனக்கெதற்கு என்று நாலு பேர் கேட்கக் கேட்க டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள், உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டுரை ஒரு நல்ல பத்திரிகைக்குப் போயிற்று. கன்ட்ரோல் செல்கள் குறைவாக இருக்கின்றன, இன்னும் சில வேண்டும் என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் குறைவு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? குவளையில் குமிழ் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வெளியே மதுரை வெயில் இன்னும் இறங்கவில்லை, உள்ளே ஏசி குளிரில் அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

“என்னம்மா, ஸ்லைஸ் எப்படி வந்திருக்கு?” என்று இருதயராஜ் சார் கதவு வழியாகத் தலையை நீட்டினார். அவளுடைய வழிகாட்டி அவர்தான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். அவர் கோபப்பட்டுப் பார்த்தவர்கள் அந்தத் துறையில் யாரும் இல்லை.

“நல்லா வந்திருக்கு சார். இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிருவேன்.”

“இன்னைக்கு ரெண்டு செல் கிடைச்சாப் போதும்மா. நாளைக்கே திருப்பி அனுப்பிரலாம். ஜூனுக்குள்ள உங்க வைவாவ முடிச்சிட்டா எனக்கும் நிம்மதி. டீ சாப்ட்டீங்களா?”

“ஆச்சு சார்.”

டீ குடிக்கவில்லை. எதற்குப் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் ஆச்சு, ஆச்சு என்றுதான் வாயில் வருகிறது. சார் போய்விட்டார். அவருடைய செருப்புச் சத்தம் அறை வரைக்கும் போய் நின்றது. நினைப்பு எங்கெல்லாமோ சுற்றிவிட்டுத் துண்டில் வந்து சிக்கியது. அந்தத் துண்டு. புருஷன் ராஜவேலுடைய பழைய ஈரிழைத் துண்டு, ஓரம் நைந்துபோனது, ஊசி போட எலியைச் சுற்றிப் பிடிக்க வாட்டமாக இருக்கும் என்று அவள்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். எலியின் தலையை மூடிச் சுற்றி, வயிற்றை மட்டும் வெளியே வைத்து, ஒரு குத்து. கடிக்காது, துள்ளாது. கையும் சுத்தம், வேலையும் சுத்தம். இதில் அவள் பார்த்த ஒழுங்கு இருக்கிறதே, அதைச் சாரே புகழ்ந்திருக்கிறார். மருந்து ஊசியும் உப்புத்தண்ணி ஊசியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், மாறிவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் மருந்து எலிகளை முதலில் வரிசையாக முடித்துவிடுவாள். அந்த ஊசிகளையெல்லாம் தூக்கி டப்பாவில் போட்ட பிறகுதான் உப்புத்தண்ணியைக் கையில் எடுப்பாள். ஒரு நாளும் மாறவில்லை. அந்த ஒழுங்கில்தான் கோட்டைவிட்டாள். முதல் வாரம் போனதுமே மருந்து எலிகளுக்குத் துண்டைக் கண்டாலே போதும், நடுங்கி அதிலேயே மூத்திரம் விட்டுவிடும். அந்தத் துண்டைத்தான் அடுத்தாற்போல உப்புத்தண்ணி எலிகளின் முகத்தில் சுற்றினாள். தினமும் சுற்றினாள். சனிக்கிழமைதான் துவைப்பாள். இவளுடைய மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, எலிக்குத் தெரியாதா? பயந்த எலியின் மூத்திர வாசம் பட்டால் பக்கத்து எலியும் பயப்படும் என்று கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் இவள். பயந்த எலி ஒரு சத்தம் போடும், அது நம் காதுக்கு எட்டாது, எலிக்கு மட்டும்தான் கேட்கும் என்று பரீட்சைக்கு முக்கியமான கேள்வியாகக் குறித்துக்கொடுத்தவளும் இவள்தான். அந்த அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது, எவ்வளவு அமைதியாக வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊசி போட்டிருக்கிறாள். அத்தனை எலிகளும் அலறிக்கொண்டு இருந்திருக்கும். பக்கத்துக் கூண்டுகளில் இருந்தவை தம்முடைய முறை வருகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

சத்தம் போடாமல் செய்தால் அது பெரிய குற்றமில்லை என்று எப்போது நம்ப ஆரம்பித்தாள்? மூத்த மகள் அபியை அவள் சத்தம் போட்டுத் திட்டியதே இல்லை. அடித்ததும் இல்லை. தபால்தந்தி நகர் வீட்டில் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள், ஒரு தட்டு விழுந்தாலே என்னாச்சு என்று கேட்பார்கள். அதனால் சாப்பாட்டு மேஜையில் மூத்தவளை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில்தான் சொல்வாள். இதுகூடத் தெரியலையா? போன வாரம் சொல்லிக் குடுத்தது எங்க போச்சு? என் மூஞ்சிய எதுக்குப் பாக்கற, அதுலயா எழுதியிருக்கு? சாயந்தரம் ஆனால் இதுதான். அல்ஜீப்ரா பாடத்தை விரித்ததும் அபியின் கையில் பேனா வழுக்கும். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். துடைக்காத, முதல்ல கணக்கப் போடு. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குக் கழித்தல் குறி எங்கே வரும் என்று தெரிய வேண்டாமா? தெரியாமல் போய், மார்க் இல்லாமல் போய், யாரோ ஒருத்தன் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வர வேண்டுமா என்று இவளுக்குள் ஒரு திகில். தன்னுடைய திகில்தான் அது. அதைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள். உன்னைய நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு அபி என்று ஒரு நாள் சொன்னாள். வேறு எதையெல்லாமோ சொல்லியிருக்கிறாள், இது ஒன்றைத்தான் அபி மறக்கவில்லை என்று இவளுக்குத் தோன்றும். அரைப் பரீட்சையில் கணக்குத்தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்ததாம் பிள்ளை. தாள் முழுக்க ஈரம். கிளாஸ் மிஸ் கூப்பிட்டு அனுப்பி, ‘வீட்டுல ஏதும் பிரச்சினையா மேடம்?’ என்று கேட்டாள். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ் என்று இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வீட்டில் பிள்ளையைக் குத்திவிட்டு இங்கே வந்து எலியைக் குத்துவதும், இங்கே எலியைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குத்துவதுமாக ஒரு வருஷம் ஓடியிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று ஒரு நாள்கூட அவளுக்கு உறைக்கவில்லை. படித்தவள்.

பொங்கலோடு நிறுத்திவிட்டாள். அபியைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரம்மா, ‘கொஞ்ச நாளைக்கு நீங்க ஒண்ணுமே சொல்லாதீங்க, அது போதும்’ என்றாள். அன்றிலிருந்து ஒரு சொல் இல்லை. மேஜையில் பாடப் புத்தகமே கிடையாது, அபி அவளாகக் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறாள். ஆனாலும் இவள் சமையலறையிலிருந்து ‘அபி’ என்று கூப்பிட்டால், தோசை சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் என்றாலும், அந்தத் தோள்கள் மேலே ஏறி இறங்குகின்றன. ஊசியை நிறுத்தியாயிற்று. வாரக்கணக்கில் சும்மா விட்டாயிற்று. இன்னும் என்ன? இந்த ‘இன்னும் என்ன’ என்ற கேள்விக்குப் பதில் எழுதித்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள், அதுதான் கொடுமை. ராஜவேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ‘நீ பண்ணதுதான் தமா, வேற ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட்டான். சிவகங்கை மின்வாரிய ஆபீசுக்குக் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவன், அபூர்வமாகத்தான் ஏதாவது சொல்வான். சொன்னதும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘அப்படின்னா தேனு எப்படி நல்லா இருக்கா? அவளுக்கும் நான்தானே அம்மா? ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அபி சுபாவமே அப்படி, பயந்த சுபாவம். சின்னவளப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க’ என்று பிடித்துக்கொண்டாள். ராஜவேல் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டான். வழக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. உண்மையும் அதுதானே. தேன்மொழியை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லத் தேவையே வந்ததில்லை. ஐந்தாவது படிக்கிற பிள்ளை, கேட்கும் முன்னால் வீட்டுப்பாடம் முடிந்திருக்கும். செருப்புகளை வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கிவைப்பாள், எல்லாருடையதையும். தண்ணீர் பாட்டில்கள் ரொம்பியிருக்கும். நாத்தனார் ஊரிலிருந்து வந்தபோது, ‘இவ இருக்கற எடமே தெரியலையே அண்ணி, எப்படி வளத்தீங்க’ என்றாள். இவள் பூரித்துப்போனாள். அபி மேஜையில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த அந்தச் சாயந்தரங்களில் சின்னவள் எங்கே இருந்தாள்? படுக்கையறையில் இருந்திருப்பாள், படம் வரைந்துகொண்டு. கதவு சாத்தியிருக்கும். தாழ்ந்த குரல்தானே, கதவுக்கு அந்தப் பக்கம் போகாது. போகாதா? போகாது என்று யார் சொன்னது? அந்த வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்தாது, மழைக்கு மரம் உப்பிப்போய் ஒரு விரல் இடைவெளி எப்போதும் உண்டு. போதும். இதற்குமேல் இந்தப் பக்கம் போக வேண்டாம். சீவலுக்கு நேரமாயிற்று.

சீவல் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். இந்த வேலையில் மட்டும் அவளுக்கு மனசு அடங்கும். கண்ணாடி ஊசியின் முனை, கண்ணுக்கே தெரியாத முனை, செல்லின்மேல் இறங்கும். உதட்டில் வைத்த குழாயை மெல்ல உறிஞ்ச வேண்டும், கைக்குழந்தை பால் குடிப்பதற்குப் பாதி வேகத்தில். ஊசி செல்லோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு சின்ன உறிஞ்சு, சவ்வு கிழியும், செல் பேசுவது திரையில் தெரிய ஆரம்பிக்கும். நீளமாக ஒரு கோடு ஓடும். யாரோ ‘அடங்கு’ என்று சொல்லும்போதெல்லாம் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழும். நல்ல கன்ட்ரோல் செல்லில் பள்ளங்கள் நெருக்கமாக, மழை ஆரம்பிக்கும்போது தகரத்தில் விழுகிற மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். மருந்து எலியில் எப்போதாவது ஒன்று. அவள் உறிஞ்சினாள். ஒட்டியது. கிழிந்தது. கோடு ஓடியது. ஒரு பள்ளம். காத்திருந்தாள். இன்னொன்று. மறுபடியும் வெறும் கோடு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். செல் செத்துக்கொண்டிருக்கிறதா? இல்லை, அது தெம்பாகத்தான் இருக்கிறது. ஊசிமுனை அடைத்துக்கொண்டதா? அளவு எல்லாம் சரி. திரவம்? காலையில் அவளே கலந்தது. சூடு? சரி. பிழை சொல்ல ஓர் இடம் தேடித் தேடிப் பார்த்தாள், இவ்வளவு அழகான செல் இந்த வருஷத்திலேயே அவளுக்குக் கிடைத்ததில்லை. அந்த அழகான செல்லுக்கு ‘அடங்கு’ என்று சொல்ல ஆளில்லை. உப்புத்தண்ணி எலியின் செல்.

செல் சரியில்லை என்று ஒதுக்கிவிடலாம். இந்த வேலையில் அது சாதாரணம், பாதிக்குமேல் அப்படித்தான் போகும், ஏன் ஒதுக்கினாய் என்று சார் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் ஒதுக்கியிருக்கிறாள். கன்ட்ரோல் ஏன் குறைவு என்று கேட்டிருந்தால் சொல்ல வேண்டிய பதில் அதுதான். மருந்து எலியில் பள்ளம் குறைவாக வந்தால், ஆகா வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். உப்புத்தண்ணி எலியில் அதே மாதிரி வந்தால், செல் நோஞ்சான் என்று தள்ளினாள். முதல் தடவை உண்மையாகவே நோஞ்சானாக இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் சந்தேகம். அதற்கப்புறம் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று, பள்ளம் இல்லாத கன்ட்ரோல் என்றாலே அது கெட்ட செல் என்று கண் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. பொய் சொல்கிறோம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கன்ட்ரோல் நன்றாக இருந்தாக வேண்டும், அது நன்றாக இல்லாவிட்டால் இவளுடைய கண்டுபிடிப்பு இல்லை, பட்டம் இல்லை, நாலு பேருக்குப் பதில் இல்லை. நன்றாக இருந்தாக வேண்டிய ஒன்றை யாராவது உற்றுப் பார்ப்பார்களா? தேனு ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், பூச்சி மருந்து கொடுத்தோம். சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை, அளவாகச் சாப்பிடுகிற பிள்ளை என்றோம். டம்ளர் உருண்டால் விழுந்தடித்து ஓடிவந்து நான் இல்லை என்பாள், யாரும் கேட்கும் முன்னால், அதற்கும் சிரித்தோம். எல்லாவற்றையும் ஒதுக்கினாள், ஒவ்வொன்றாக. சமத்து என்று பெயர் வைத்து ஒதுக்கினாள். ராஜவேலிடம் காட்டுவதற்கு அவளுக்கு ஒரு ஒழுங்கான எலி தேவைப்பட்டது. அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஜூன் போய்விடும், கட்டுரை போய்விடும், அதுகூடப் போகட்டும், எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், புதுசாக எலிகள் வரும், புதுசாக அவற்றை நடுங்க வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் இதுவரை நடுங்கினவை வீணாக நடுங்கின. எந்தப் பக்கம் திரும்பினாலும் எலிதான் விலை கொடுக்கிறது. இந்தக் கணக்கில் கழித்தல் குறி எங்கே வரும் என்று அவளுக்கும் தெரியவில்லை. கோட்டைச் சேமித்தாள். இன்றைய எலியின் எண்ணைப் போட்டு, கன்ட்ரோல் என்றே சேமித்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல், சார் அறைக்குப் போனாள்.

“கன்ட்ரோல் சரியில்ல சார்” என்றாள், நின்றபடியே. “இன்னைக்குச் செல்ல மட்டும் சொல்லல. எல்லா கன்ட்ரோலும். ஒரே துண்டு சார், ஒரே ரூம். மருந்து எலிய முடிச்சிட்டு அதே துண்டுல சுத்தியிருக்கேன். அதுங்களும் பயந்திருக்கு.”

இருதயராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தன நாளா டேட்டால தெரியலையேம்மா?”

“தெரிஞ்சுது சார். அந்த மாதிரி வந்த செல்லயெல்லாம் நான் தள்ளிட்டேன். செல் சரியில்லைன்னு சொல்லித் தள்ளிட்டேன்.” குரல் ஒழுங்காகத்தான் வந்தது. “அழிக்கல. எல்லாம் இருக்கு.”

அவர் ஜன்னலைப் பார்த்தார், திரும்பி மேஜையைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது இவளுக்கு. கடைசியில், “நானும் ஒரு தடவ வந்து நின்னு பாத்திருக்கணும்” என்றார். “சரி. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறதா நான் எழுதறேன். தள்ளுன செல்லயெல்லாம் எடுத்து மறுபடி பாருங்க, பேர் தெரியாம, எது மருந்து எது உப்புத்தண்ணின்னு தெரியாம பாக்கணும். புது பேட்ச்சுக்குச் சொல்லிருவோம். இந்தத் தடவ தனித்தனி ரூம், தனித்தனி ஆளு.”

“மறுபடியும் அதுங்களப் பயமுறுத்தணுமா சார்?”

“வேற எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?” என்றார் அவர், நிஜமாகவே கேட்பவர்போல. கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “போங்க, வீட்டுக்குப் போங்க. பிள்ளைங்க காத்திட்டு இருப்பாங்க.”

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வேப்பமரத்தடியில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு வருஷ உழைப்பு போய்விட்டது, மடியில் கட்டியிருந்த கல்லும் போய்விட்டது. உடம்பே லேசாக இருந்தது. இவ்வளவுதானா, சொல்லிவிட்டால் இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது, அந்த ஆச்சரியத்தில் கொஞ்சம் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள், அது தெரிந்து வெட்கப்படவும் செய்தாள். இதே மாதிரி வீட்டிலும் நேராக்கிவிடலாம். அபியிடம் சொல்லிவிடலாம், தப்பு என்னுடையதுதான் என்று, ஒரே வாக்கியம். தேனுவிடம்? தேனுவிடம் சொல்ல என்ன இருக்கிறது. துண்டின் வாசம் பட்டிருக்கும், படாமல் இருக்காது, ஆனால் நேராக ஊசி இறங்கவில்லை, அது ஒன்றாவது மிச்சம். அவளைத் தான் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை, அது ஒன்று மட்டும் உண்மை, அதை யாரும் பிடுங்க முடியாது. போகிற வழியில் பரோட்டா வாங்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. எத்தனை வாங்க என்று கேட்பதற்காக வீட்டு நம்பரைப் போட்டாள். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்னால் தேனு எடுத்துவிட்டாள்.

“அம்மா, அக்கா படிச்சிட்டுத்தான் இருக்கா. டிவி போடல. கேட்டுக்குப் பூட்டு போட்டாச்சு.”

“நான் அதெல்லாம் கேக்கலடி. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மாவா?”

“ஆமா தேனு, சும்மாதான். நீ என்ன பண்ற?”

“ஒண்ணும் பண்ணல.” பிறகு, ரொம்ப மெல்ல, “நான் ஏதாச்சும் பண்ணிட்டேனாம்மா?”

“ஐயோ இல்லடி தங்கம்” என்றாள் தமயந்தி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, என்ன பதில் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். “அம்மா உன்னைய என்னைக்காவது திட்டியிருக்கேனா, சொல்லு?”

தேனு யோசித்தாள். தப்பாகப் பதில் சொல்லிவிடக் கூடாதென்று கவனமாக யோசிக்கிற மூச்சு போனில் கேட்டது.

“இன்னும் இல்லம்மா” என்றாள். அம்மாவைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. “நான் அக்கா கிளாஸுக்கு வந்ததுக்கு அப்புறந்தானே?”